எஞ்சிய முக்காற் பங்கு

நன்னூலை நம்மில் பெரும்பாலோர் ஓர் இலக்கண நூலாக மட்டுமே அறிவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூல், எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன்னால், பாடம் சொல்பவர் எத்தகைய குணங்கள் உடையவராக இருக்க வேண்டும், எந்த முறையில் அவர் பாடம் சொல்ல வேண்டும், அதைக் கேட்பதற்கு உரியவர் யார், கேட்க வேண்டிய விதம் யாது என்னும் விஷயங்களைத் தன் பொதுப்பாயிரத்தில் விரிவாக ஆராய்கிறது. அவ்வாராய்ச்சியில் ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் உரைத்ததை ஒரு மாணாக்கன் சற்றும் பிசகாமல் மனத்தில் வாங்கிக்கொண்ட போதிலும் புலமையில் அவனுக்குக் கிட்டுவது காற் பங்குதான் என்றும், உடன் பயில்வோரோடு கலந்து பயிலும்போது மற்றொரு காற் பங்கு கிட்டும் என்றும், கற்றதைத் தானே பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கும் சேர்ந்து புலமை நிறைவு பெறும் என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது.

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நெடுங்காலமாக அறிவியல் போதித்து வரும் நான், என் அனுபவத்தில் கண்ட அநேக விஷயங்களை இந்தக் கணக்கைப் போலத் தெளிவாக எடுத்துச் சொல்லும் வேறொரு கூற்றைக் கண்டதில்லை. இது மாணவர்களுக்காகச் சொல்லப்பட்டது. ஆயினும் ஆசிரியர்களுக்கும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. நம் வகுப்பறைகள் ஏறக்குறைய முழு நேரத்தையும் முதற் காற் பங்குக்கே செலவிடுகின்றன. ஆசிரியர்களின் தொழில் வளர்ச்சிக்கென்று நடத்தப்பெறும் பணியிடைப் பயிற்சிகளும் அவ்வாறே முதற் காற் பங்கோடு நின்றுவிடுகின்றன. இவ்விரண்டும் ஒரே குறையின் இரண்டு முகங்கள் என்பதும், பின்னதைச் சீர்செய்யாமல் முன்னதைச் சீர்செய்ய இயலாது என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

உடன் பயில்வோரிடம் கற்பது என்பது நமக்கு அந்நியமான முறை அன்று. சர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்து ஆளுநராக இருந்தபோது, 1822-இல் நாட்டுப்புறப் பள்ளிகளைப் பற்றி ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டு, 1826-இல் எழுதிய குறிப்பில் மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகப் பதிவு செய்தார். அப்பள்ளிகளுள் தமிழ்நாட்டில் இருந்தவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகளே. அங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். தேர்ச்சி பெற்ற மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளை என்னும் பொறுப்பில் இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னான். அக்காலத்துக்குச் சற்று முன்னர், சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்காக நடந்த காப்பகத்தை மேற்பார்வையிட்டு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், இத்தகைய பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, அம்முறையைத் தம் காப்பகத்தில் புகுத்தியதோடு, சிறுவர்களையே சிறுவர்களுக்குப் பாடம் சொல்லவும் வைத்தார். பின்னர் தாயகம் திரும்பி 1797-இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். பிரிட்டனில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

இதைச் சொல்வதனால் திண்ணைப் பள்ளியை ஒரு பொற்காலமாகப் போற்றுகிறேன் என்று யாரும் கருத வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும், மிகப் பெரும்பாலான பெண்களுக்கும் அந்தத் திண்ணையில் இடமில்லை. பிரம்பும் கோதண்டமும் அங்கே சர்வசாதாரணமாக இருந்தன. பொருள் விளங்காமலே பிள்ளைகள் மனனம் செய்தது மிகுதி. பிரிட்டனுக்குச் சென்ற முறையும் அங்கே சில நூறு பிள்ளைகளைக் குறைந்த செலவில் ஓர் ஆசிரியரைக் கொண்டு சமாளிக்கும் சிக்கன ஏற்பாடாகவே பெரிதும் கையாளப்பட்டது. பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது என்னும் புற வடிவம் மட்டும் இருந்தால் போதாது, சொல்லிக்கொடுக்கும் பிள்ளையின் அறிவு அதனால் ஆழம் பெற வேண்டும் என்னும் நோக்கமும் இருக்க வேண்டும் என்பதே இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம். அதன் பின் வந்த நவீனப் பள்ளி, சாதி பாராமல் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு கூரையின்கீழ் அமர்த்திய மகத்தான காரியத்தைச் செய்தது. அந்த நன்மைக்கு இணையாக வேறொன்றைச் சொல்ல முடியாது. ஆனால் வரிசை வரிசையான பெஞ்சுகளும், மணியடித்து மாறும் பாடவேளைகளும், ஆண்டு முடிவில் பொதுத்தேர்வும் சேர்ந்து, பாடம் என்றால் ஆசிரியர் பேசுவது, கற்றல் என்றால் பிள்ளைகள் பேசாதிருப்பது என்னும் மனோபாவத்தை நம்மிடையே வேரூன்றச் செய்துவிட்டன. ஆசிரியர் அறையில் இன்றும் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, "போர்ஷன் முடிந்துவிட்டதா?" என்பதுதான். பிள்ளைகளுக்கு என்ன விளங்கிற்று என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் அரிதாகவே இருக்கிறது.

விளங்குவதற்கும் விடையெழுதுவதற்கும் இடையே எத்துணை தூரம் இருக்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் காட்ட விரும்புகிறேன். ஒளிச்சேர்க்கை என்னும் பாடம் நம் மாணவர்களுக்குப் பல வகுப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பச்சையம், சூரிய ஒளி, கரியமில வாயு, நீர், ஸ்டார்ச்சு, பிராணவாயு என்னும் சொற்களை வரிசை பிறழாமல் எழுதி, சமன்பாட்டையும் போட்டு, முழு மதிப்பெண் பெறும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களையே பள்ளி வளாகத்தில் நிற்கும் வேப்ப மரத்தின் அடியில் கூட்டிச் சென்று, "ஒரு சிறு விதையிலிருந்து முளைத்த இம்மரத்தில் இத்தனை கனமான கட்டை சேர்ந்திருக்கிறதே, இந்த எடை முழுவதும் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், மண்ணிலிருந்து என்று பெரும்பாலோரும், தண்ணீரிலிருந்து என்று சிலரும், எருவிலிருந்து என்று வேறு சிலரும் சொல்வார்கள். காற்றிலிருந்து என்று சொல்லும் பிள்ளை வெகு அபூர்வம். பாடத்தில் படித்ததற்கும் மரத்தடியில் கேட்ட கேள்விக்கும் சம்பந்தம் உண்டு என்பதே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இந்தப் பிழை அறியாமையின் அடையாளம் அன்று என்பதற்கு விஞ்ஞான சரித்திரமே சாட்சி. பிரஸ்ஸல்ஸ் நகரத்தவரான வான் ஹெல்மான்ட், உலர்த்தி நிறுத்த 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை அதில் நட்டு, நீர் மட்டுமே ஊற்றி 5 ஆண்டுகள் வளர்த்தார். முடிவில் மரத்தின் எடை 169 பவுண்டுக்குச் சற்று மிகுதியாக இருந்தது. மண்ணிலோ ஏறத்தாழ 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. அவர் மறைந்த பின் 1648-இல் வெளியான நூலில் இச்சோதனை விவரிக்கப்பட்டிருக்கிறது. எடை மண்ணிலிருந்து வரவில்லை என்று நிரூபித்த அப்பெரியவரே, அது முழுவதும் நீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார். அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்று, 1779-இல் டச்சு மருத்துவரான இங்கன்ஹவுஸ் ஒளி படும்போது பசிய பாகங்கள் செய்யும் வேலையை வெளியிட்ட பிறகே விஷயம் துலங்கத் தொடங்கிற்று. மேதைகள் நூறாண்டு தடுமாறிய இடத்தில் நம் பிள்ளைகளும் தடுமாறுவது இயல்பே; அந்தத் தடுமாற்றத்துக்கு இடம் கொடாமல் முடிவை மட்டும் எழுதிப்போடுவதில்தான் குறை இருக்கிறது.

இப்பாடத்தை நடத்தும்போது, முதலில் ஒவ்வொருவரும் தம் விடையைத் தனியே எழுதி வைக்குமாறு சொல்லி, பிறகு மூவர் நால்வராக அமர்ந்து தங்களுக்குள் விவாதிக்க விட்டு, அதன்பின் ஹெல்மான்ட்டின் எடைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, இது யாருடைய விடையைப் பாதிக்கிறது என்று கேட்பது என் வழக்கம். ஒவ்வொரு குழுவும் தன் முடிவை ஏனையோருக்கு விளக்க வேண்டும். ஏனையோர் மறுத்துக் கேட்கலாம். அவ்வாறு விளக்க முற்படும்போதுதான் ஒரு பிள்ளைக்குத் தன் விளக்கத்தில் இருக்கும் இடைவெளி தனக்கே புலப்படுகிறது. இத்தகைய விவாதம் ஒன்றில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, காற்றுக்குத்தான் எடையே இல்லையே, எடை இல்லாத ஒன்றிலிருந்து இவ்வளவு பெரிய கட்டை எப்படி வரும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் பாடத்தின் முடிச்சு முழுவதும் அவிழ்ந்து விழுந்தது. காற்றுக்கு எடை உண்டு என்னும் நம்பிக்கை உள்ளத்தில் உறுதிப்படாத பிள்ளைக்கு, கரியமில வாயு மரக்கட்டையாக மாறுகிறது என்னும் கூற்று எவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டாலும் வெறும் சொல்லாகவே நிற்கும். காற்றுக் குறைந்த கால்பந்தை மின்னணுத் தராசில் நிறுத்து, பம்பு வைத்து இறுக்கக் காற்றடித்து மறுபடி நிறுத்து, கூடிய சில கிராம்களைக் கண்ணால் கண்ட பிறகே, மரத்தின் உலர்ந்த எடையில் மிகப் பெரும் பகுதி வாயுவிலிருந்தும் நீரிலிருந்தும் உருவானது, மண் தருவது சிறு அளவிலான தாதுக்களே என்னும் உண்மை அந்த வகுப்புக்குப் பிரத்தியட்சமாயிற்று.

ஆசிரியரின் தொழில் வளர்ச்சி என்று நான் கருதுவது இதையே. ஒளிச்சேர்க்கையைப் பற்றிய என் அறிவு அன்று ஓர் அணுவும் கூடவில்லை. ஒளிச்சேர்க்கையைப் பிள்ளைகள் எவ்வாறு எண்ணுகிறார்கள், அவர்களுடைய எண்ணம் எந்த இடத்தில் தடைப்படுகிறது, அத்தடையை விலக்க எந்தச் சோதனையை எப்போது முன்வைக்க வேண்டும் என்னும் அறிவுதான் கூடிற்று. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒரு துறையின் அறிவு ஒன்று, பொதுவாகக் கற்பிக்கும் திறன் மற்றொன்று, இவ்விரண்டும் சேர்ந்தாலும் அடங்காத மூன்றாவதாக, குறிப்பிட்ட பாடத்தைக் குறிப்பிட்ட மாணவர்க்கு விளங்கவைக்கும் அறிவு ஒன்று உண்டு என்று பிரித்துக் காட்டி, அதுவே ஆசிரியருக்கே உரிய தனி அறிவு என்றார். பட்டம் முதலாவதைத் தரும். பயிற்சிக் கல்லூரி இரண்டாவதை ஓரளவு தரும். மூன்றாவதோ பிள்ளைகளின் பேச்சைக் கூர்ந்து கேட்பதனால் அன்றி வேறு எவ்வழியாலும் வருவதில்லை. கேட்பவர் எவ்வகையில் ஏற்பார் என்பதை அறிந்து பாடம் சொல்லுமாறு பவணந்தியார் ஆசிரியருக்கு வகுத்த விதியும் இதே அறிவைத்தான் வேண்டுகிறது.

தொடக்கப் பள்ளியிலும் இந்த உண்மைக்கு அளவற்ற சந்தர்ப்பங்கள் உண்டு. 52-இலிருந்து 37-ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதும் குழந்தை கவனக்குறைவாக எழுதுவதில்லை. எந்த இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று ஒரு விதியைத் தானே வகுத்துக்கொண்டு, ஒன்றாம் இடத்தில் 7-இலிருந்து 2-ஐக் கழித்து, அவ்விதியைச் சிரத்தையோடு பின்பற்றுகிறது. சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டு நோட்டைத் திருப்பித் தருவதால் அந்த விதி மாறப்போவதில்லை. "எப்படிப் போட்டாய், சொல்" என்று கேட்டு, அக்குழந்தை தன் வழியைச் சொல்லும் வரை பொறுத்திருந்தால், அந்த விதி வெளியே வரும். ஐந்து பத்துகளையும் இரண்டு ஒன்றுகளையும் குச்சிக் கட்டுகளாகக் கையில் கொடுத்து ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னால், விதியைக் குழந்தையே திருத்திக்கொள்ளும்.

பொறுத்திருத்தல் என்று சொன்னேன். அதற்கும் ஓர் அளவு கண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்னும் கல்வி ஆராய்ச்சியாளர், வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று ஒலிப்பதிவு செய்து பார்த்து, சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அக்காத்திருப்பை 3 விநாடியாக நீட்டினாலே பிள்ளைகளின் விடைகள் நீளமும் தெளிவும் பெறுகின்றன, வழக்கமாக வாய் திறவாதவர்களும் பேச முன்வருகிறார்கள் என்றும் 1970-களில் எழுதினார். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், செலவும் இல்லை. ஆயினும் மௌனத்தைச் சகித்துக்கொள்ளும் இந்த மூன்று விநாடிப் பழக்கம் ஓர் ஆசிரியருக்கு எளிதில் கைவருவதில்லை. சக ஆசிரியர் ஒருவர் வகுப்பின் பின்பெஞ்சில் அமர்ந்து பார்த்துச் சொன்னாலன்றி, நாம் காத்திருக்கவில்லை என்பதே நமக்குத் தெரிவதில்லை.

நம் நாட்டில் கல்விச் சீர்திருத்தக் கருத்துகளுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. பாவ்நகரில் வழக்கறிஞர் தொழிலை விட்டுக் குழந்தைகளுக்கு ஆசிரியரான கிஜுபாய் பதேக்கா 1920-இல் பாலமந்திரம் தொடங்கினார். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழில் வழிக் கல்வியான ஆதாரக் கல்வியை முன்வைத்தார். 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கே வந்திருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அண்மைக் காலத்தில், ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியைச் சார்ந்த கிராமப் பள்ளிகளில் உருவான முறையைப் பின்பற்றி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல், அன்றைய ஆணையர் எம்.பி.விஜயகுமாரின் முயற்சியால் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. பெஞ்சுகளை விட்டுப் பாய்களில் வட்டமாக அமர்ந்த குழந்தைகள், தத்தம் பாட அட்டையை எடுத்துத் தத்தம் வேகத்தில் கற்றல் ஏணியின் படிகளில் முன்னேறினார்கள். சுவரின் அடிப்பகுதியில் அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைந்தன. ஆசிரியர் உதவியோடு கற்கும் குழு, சக மாணவர் உதவியோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு என்று வகுப்பு பிரிந்தது. சக மாணவரிடம் கற்பதற்கு ஒரு முறையான இடம் கொடுத்த வகையில் அது நம் கல்வி வரலாற்றில் மிகச் சிறந்த முயற்சிகளுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

2007-இல் அம்முறை மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. முதற் பள்ளிகளின் ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குச் சென்று நேரில் கண்டு, தமக்குள் விவாதித்து, அட்டைகளை உருவாக்குவதிலும் பங்குகொண்டார்கள். ஆதலின் அம்முறை அவர்களுடையதாக இருந்தது. விரிந்தபோதோ, அச்சிட்ட அட்டைகளும் சில நாள் பயிற்சியும் மட்டுமே ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை எட்டின. அட்டைக்கும் அட்டைக்கும் இடையே குழந்தையின் எண்ணம் செல்லும் பாதையை ஆசிரியர் தாமே ஆராய்ந்து கண்ட இடங்களில் அம்முறை உயிரோடு இருந்தது. அந்த வாய்ப்பு ஆசிரியருக்குக் கிட்டாத இடங்களில் அது சடங்காயிற்று. பின்னர் 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன; 2022-இல் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் கண்டு கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. இவை ஒவ்வொன்றின் பின்னணியிலும் நல்ல சிந்தனை இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் ஆசிரியரை வந்தடைந்த வழி ஒன்றுதான்: மாநில அளவில் சில கருத்தாளர்களுக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டத்தில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, படிக்குப் படி பொருள் குறைந்து, இறுதியில் ஆசிரியர் கையில் ஒரு கையேடும் ஒரு படிவமும் எஞ்சுகின்றன.

பவணந்தியாரின் கணக்கை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டுகிறேன். பயிற்சிக் கூடத்தில் கருத்தாளர் சொல்வதை ஓர் ஆசிரியர் ஒரு சொல்லும் விடாமல் உள்வாங்கினாலும் அவருக்குக் கிட்டுவது காற் பங்கு. அதே பாடத்தை நடத்தும் சக ஆசிரியரோடு அமர்ந்து, அதைத் தம் பிள்ளைகளுக்கு ஏற்பத் திட்டமிட்டு, ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்து வந்தால் அடுத்த காற் பங்கு கிட்டும். தாம் செய்து பார்த்தது என்ன, பிள்ளைகள் எங்கே விளங்கிக்கொண்டார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பதைத் தொழில் அறிந்த பிறர் முன்னிலையில் எடுத்துரைக்கும்போது எஞ்சிய அரைப் பங்கும் கிட்டும். இந்த முக்காற் பங்குக்கு நம் ஏற்பாட்டில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. விதைத்த விதையின் அளவைக் கொண்டு மகசூலைக் கணக்கிடும் உழவர் எவரும் இல்லை; நாமோ, இத்தனை ஆசிரியர்களுக்கு இத்தனை நாள் பயிற்சி அளித்தோம் என்னும் கணக்கையே வளர்ச்சியின் கணக்காக ஏட்டில் எழுதி வருகிறோம்.

வேறு விதமாகச் செய்வது சாத்தியம் என்பதற்கு ஜப்பானியப் பள்ளிகள் அத்தாட்சி. அங்கே ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதில் பிள்ளைகள் எப்படியெல்லாம் எண்ணக்கூடும், என்னென்ன விடைகள் சொல்லக்கூடும் என்று முன்கூட்டியே ஆலோசித்துத் திட்டமிடுகிறார்கள். அவர்களுள் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் ஆங்காங்கே நின்று பிள்ளைகளின் பேச்சையும் எழுத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். பின்னர் எல்லோரும் அமர்ந்து, கண்டதைப் பேசிப் பாடத்தைத் திருத்துகிறார்கள். பேச்சு முழுவதும் பாடத்தைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் இருக்குமே தவிர, நடத்திய ஆசிரியரைப் பற்றிய தீர்ப்பாக இருப்பதில்லை. மெய்ஜி காலத்தில் வேர்கொண்ட இப்பழக்கம், 1999-இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்னும் இருவர் எழுதிய நூல் வாயிலாக உலகின் கவனத்துக்கு வந்தது. நம் பள்ளிகளில் ஒருவர் வகுப்புக்குள் மற்றொருவர் நுழைவது என்றால் அது ஆய்வு அதிகாரியின் வருகை என்றே ஆகிவிட்டது. அதிகாரி வரும்போது பாடக் குறிப்பேடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப்படும். பிள்ளையின் எண்ணம் சரியான வழியில் செல்கிறதா என்று பார்ப்பதற்கு அந்தச் சில நிமிடங்களில் அவகாசம் இல்லை.

ஆட்சேபங்களை நான் அறியாதவன் அல்லேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தலைக்கு மேல் நிற்கும்போது விவாதத்துக்கு நேரம் எங்கே என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. ஆனால், விளங்காமல் நடத்தி முடித்த பாடத்தை ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சிறப்பு வகுப்பு வைத்துத் திரும்ப நடத்துகிறோமே, அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் விவாதத்துக்குக் கொடுத்த நேரம் வீணான நேரம் ஆகாது. மேலும், விவாதம் எல்லாப் பாடத்துக்கும் வேண்டியதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் எந்தக் கருத்துகளில் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறுகிறார்கள் என்று தெரிந்து, அவற்றுக்கு மட்டும் நேரம் ஒதுக்கினால் போதும். அவை எவை என்று தெரிந்திருப்பதுதான் அனுபவம் என்பதன் பொருள்.

இன்னொரு ஆட்சேபம் இதனினும் கனமானது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவர் ஐந்து வகுப்புகளையும் நடத்தி, மதிய உணவைக் கவனித்து, கல்வித் தகவல் இணையதளத்தில் நாள்தோறும் விவரங்களைப் பதிவேற்றி, வாக்காளர் பட்டியல் பணிக்கும் செல்ல வேண்டியிருக்கும்போது, ஒருவர் வகுப்பை ஒருவர் சென்று பார்ப்பது எங்ஙனம்? இந்தக் கேள்விக்கு ஆசிரியரின் உற்சாகம் விடையாகாது. நிர்வாகம்தான் விடை கூற வேண்டும். பதிவேற்றும் பணியைக் குறைத்து, சிறு பள்ளிகளின் ஆசிரியர்கள் குறுவள மையத்தில் கூடும் நாள்களைச் சுற்றறிக்கை வாசிக்கும் நாள்களாக இல்லாமல், அவரவர் பிள்ளைகளின் நோட்டுகளைக் கொண்டுவந்து விரித்து வைத்து ஆராயும் நாள்களாக மாற்றினால், புதிய செலவு ஏதுமின்றியே அந்த இருவருக்கும் சக ஆசிரியர்கள் கிடைத்துவிடுவார்கள். அக்கூட்டத்தில் பேச வேண்டியவர்கள் ஆசிரியர்கள். கேட்க வேண்டியவர் கருத்தாளர்.

இதில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஆசிரியர்கள் தம் தடுமாற்றங்களை மனம் திறந்து பேசும் இடம் ஒன்று அமையுமானால், அங்கே பேசப்பட்டது எதுவும் ஊதிய உயர்வுக்கோ, ஒழுங்கு நடவடிக்கைக்கோ, தரவரிசைக்கோ ஆதாரமாகக் கொள்ளப்படக் கூடாது. மதிப்பெண் போடுகிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் தம் சந்தேகத்தை மறைப்பதுபோலவே ஆசிரியர்களும் மறைப்பார்கள். மறைத்த இடத்தில் வளர்ச்சி நிகழாது. அச்சமற்ற வகுப்பறை பிள்ளைகளுக்கு எவ்வளவு அவசியமோ, அச்சமற்ற ஆசிரியர் அறை நமக்கும் அவ்வளவு அவசியம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன்னால், இன்று படித்ததை எனக்குச் சொல்லிக்கொடு என்று கேளுங்கள். நீங்கள் பள்ளி சென்றவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உண்மையில் அப்பாடத்தை அறியாத பெற்றோருக்கு விளக்குவதில்தான் பிள்ளைக்கு அதிக லாபம் இருக்கிறது. பீடி சுற்றிக்கொண்டோ பூத்தொடுத்துக்கொண்டோ கேட்கும் தாய்க்குத் தன் அறிவியல் பாடத்தை விளங்கச் சொல்லும் பிள்ளை, எந்தத் தனிப்பயிற்சி மையமும் தர இயலாத பயிற்சியைப் பெறுகிறது. வகுப்பறையில் பேச்சுச் சத்தம் கேட்டால் அங்கே பாடம் நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம்.

என்னோடு இத்தொழிலில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களை நான் வேண்டுவது ஒன்றே. அரசாணை வரும் வரை காத்திராமல், உங்கள் பள்ளியில் உங்கள் மனத்துக்கு இசைந்த ஒரு சக ஆசிரியரைத் தேர்ந்துகொண்டு, "என் வகுப்பில் வந்து அமர்ந்து, நான் பேசுவதை விட்டுவிட்டு, பிள்ளைகள் பேசுவதை மட்டும் குறித்துத் தாருங்கள்" என்று அவரைக் கேளுங்கள். அவர் அழைத்தால் நீங்களும் செல்லுங்கள். தலைமையாசிரியர்கள் அதற்கு இடம் கொடுத்து ஊக்குவிக்க வேண்டும். கல்வித் துறையோ, வரும் கல்வியாண்டின் கால அட்டவணையை வகுக்கும்போது, ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் வாரத்தில் ஒரு பாடவேளையை ஆசிரியர்கள் கூடிப் பயில்வதற்கென்றே ஒதுக்கி, அந்த வேளையில் வேறு எந்தப் பணியும் தரப்படாது என்று ஆணையிட வேண்டும். கட்டடம், கணினி, திறன்பலகை ஆகியவற்றுக்குச் செலவிட மனம் வந்த அரசுக்கு, செலவே இல்லாத இந்த ஒரு மணி நேரத்தைத் தருவது அரிய காரியம் அன்று.